வில்லனிடம் காரணம் கேட்டு ஒரு விண்ணப்பம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பாலக்காட்டில் வசிக்கும் மகாராஜராஜஸ்ரீ வெங்கிடராமன் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் சங்கர்ராம் சாஷ்டாங்கமாக (முழங்கால் ஒத்துழைக்காததால் மனசளவில்) நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம், என் பிரஷர் சௌக்கியம், வாசல் ஓடையும் நிரம்பிச் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தாங்களும் சீதாலக்ஷ்மி அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க குருவாயூரப்பன் துணை.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனை அக்கா எடுப்பாள். அவள் கையிலிருந்து உங்களிடம் வந்து சேர்ந்தாலும், “அங்கே மழை உண்டோ?” “உண்டு, அங்கே?” என்று நாம் பேசி முடித்து வைத்துவிடுவோம். நாற்பத்தாறு வருஷமாக நமக்குள் மழையைத் தவிர வேறு பேச்சு இல்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் என்னவென்றால், நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து காலை வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னடா பண்றே என்று அக்கா போனில் கேட்டபோதெல்லாம் சஹஸ்ரநாமம் என்று சொல்லி வந்தேன். பச்சைப் பொய். நாவல்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் விஸ்வம் என்று ஒரு வில்லன் வருகிறான். ஒல்லியான தேகம், ரயில்வேயில் உத்தியோகம், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைப்பான், ஒரு வேளைக்கு ஆறு பப்படம் சாப்பிடுவான். யார் என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். தயவுசெய்து கடிதத்தைக் கீழே போடாமல் மேலே படியுங்கள்.

இதைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கே சுபாஷிணி என்று ஓர் எடிட்டர். “பெரியவங்க இதைப் படிச்சு முடிக்க மாட்டாங்க சார், ஆனா சேகருக்குப் பதினேழு வயசா இருக்கிற பகுதி மட்டும் உயிரோட இருக்கு, அதை மட்டும் எடுத்து இளையவங்களுக்கான நாவலா மாத்தித் தர முடியுமா?” என்று கேட்டாள். சேகர் என்பது கதாநாயகன், அதாவது அடியேன். சரி என்றேன். இருநூறு பக்கத்துக்குள் வர வேண்டுமாம். கொச்சங்காடி மிளகுக் கிடங்கின் வாசனையைப் பதினெட்டுப் பக்கம் வர்ணித்திருந்தேன், அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கப்பல் முதல் பக்கத்திலேயே வரணும் சார் என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். எழுபத்து நாலு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு ‘அறிவுரை’ என்று குறித்திருந்தாள். அறிவுரையை எடுத்துவிட்டால் அறுபத்து மூன்று வயசுக்காரனிடம் மிச்சம் என்ன இருக்கும், முழங்கால் வலிதான் இருக்கும். ஆனாலும் எல்லாவற்றையும் எடுத்தேன், அத்திம்பேர். எடுக்க எடுக்கப் பல் பிடுங்கின மாதிரி இருந்தது. கடைசியில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் நின்றது. ‘விஸ்வம் பதினோரு அத்தியாயம் நல்லவனாக இருக்கிறான். பன்னிரண்டாவதில் சேகருக்கு வந்த இன்டர்வியூ கார்டை ஒளித்து வைக்கிறான். ஏன்? காரணம் இல்லாத வில்லனை இளையவர்கள் நம்ப மாட்டார்கள்.’ பெரியவர்கள் மட்டும் நம்புவார்களா என்று போன் பண்ணிக் கேட்டேன். “அவங்க எதையும் நம்புவாங்க சார்” என்றாள்.

அந்த வயசில் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டு ஸுப்ரியாவின் பெண் அஞ்சனா பத்தாங்கிளாஸ். வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை தமிழ்தான் பேசுகிறாள், ஆனால் எழுத்து என்றால் அவளுக்கு மலையாளம்தான். ஆகவே நான் ஒவ்வொரு அத்தியாயமாக உரக்கப் படித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். அவள் அதை ஒன்றரை வேகத்தில் வைத்துக் கேட்கிறாள். ஒரு நாள் நானும் கேட்டேன். போட்டைத் தவறவிட்டவன் படகுத்துறையில் ஓடிக்கொண்டே புலம்புகிற மாதிரி இருந்தது. பன்னிரண்டு அத்தியாயம் முடிந்ததும் அபிப்பிராயம் வந்தது. “சங்கர் மாமா, இந்த சேகர் செரியான போர். எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கிண்டு நடக்கறான். விஸ்வமாக்கும் நல்ல ஆள். சைக்கிள் பழக்கினது ஆரு? டைபாய்டு வந்தப்போ ஆஸ்பத்ரில பதினோரு நாள் கூட இருந்தது ஆரு? அவரப் போயி வில்லன்னு சொல்றேளே!”

நான் என்ன செய்வேன்? நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். சைக்கிளும் டைபாய்டும் நடந்ததுதானே. சரி, பொறாமையால் ஒளித்தான் என்று மாற்றிப் படித்து அனுப்பினேன். “பொறாமைப்படறவர் ஆராவது தினம் கேரம்ல தோத்துக் குடுப்பாரா?” என்று பதில் வந்தது. நீங்கள் வேண்டுமென்றே தோற்றீர்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எனக்குக் கோபம் தலைக்கேறி, பதிமூன்றாவது அத்தியாயத்தில் விஸ்வத்தை வைப்பின் தீவுக்குப் போகிற போட்டிலிருந்து தள்ளி மூழ்கடித்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸுப்ரியா வந்து நின்றாள். “குட்டி ஒண்ணும் திங்கலை மாமா, அழுதுண்டே ஸ்கூலுக்குப் போனா. விஸ்வம்னு ஆரோ போட்டுலேந்து விழுந்து போயிட்டாராமே, ஆராக்கும் அது?” என்றாள். கதையில் வருகிற ஆள் என்று சொல்லியிருக்க வேண்டும். பழக்கதோஷம், “பாலக்காட்டு அத்திம்பேர்” என்று வாயில் வந்துவிட்டது. மேலே ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பதினொரு மணிக்குள் நாலு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள், அதில் ஒருத்தர் தோப்பும்படியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். இல்லைய்யா, அத்திம்பேர் ஜம்மென்று இருக்கார், இந்நேரம் பப்படம் சாப்பிட்டுண்டிருப்பார் என்று நான் வாசலில் நின்று கத்த வேண்டியதாயிற்று. யாராவது உங்கள் வீட்டுக்குப் போன் பண்ணி அக்காவிடம் அழுதால் காரணம் இதுதான், மன்னிக்கவும்.

விஸ்வத்தை அன்றே நீந்தவைத்து வைப்பினில் கரை சேர்த்தேன். அஞ்சனா சமாதானமாகி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஏன் ஒளிச்சு வெச்சேள்னு சேகர் ஒரு வாட்டி நேரக் கேட்டா போராதா மாமா? அவனுக்கு வாயில்லையா?”

அதனால் நாற்பத்தாறு வருஷம் கழித்து நேராகவே கேட்கிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம். அப்பா போய்விட்டார், எங்களுக்கு ஆதரவாக நீங்கள் கொச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். நான் கப்பல் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, பம்பாய்க்கு வரச் சொல்லிக் கார்டு வரும் வரும் என்று வாசலிலேயே நின்றேன். வரவில்லை. மூன்று மாசம் கழித்துப் பாலக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக உங்கள் ரயில்வே டைம்டேபிளைப் புரட்டினேன், உள்ளே என் கார்டு. தேதி தாண்டிப் போயிருந்தது. நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா அடுக்களை வாசலில் புட்டுக்குழலோடு நின்றாள். நீங்கள் கார்டைப் பார்த்தீர்கள், அக்காவைப் பார்த்தீர்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “பாலக்காட்டுக்குக் காலம்பற ஆறே காலுக்கு வண்டி” என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம் வெலிங்டன் ஐலண்டில் ஓர் ஆபீசில் உட்கார்ந்து கப்பல்களுக்குப் பேப்பர் எழுதினேன். அவை போயின, நான் எர்ணாகுளம் போட்டில் வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கோபம், அத்திம்பேர். இன்றைக்கும் கோபம்தான்.

நானும் யோசித்துப் பார்த்தேன். உங்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். இருபது நிமிஷத்தில் போட்டில் போகிற எர்ணாகுளத்துக்கு முக்கால் மணி நேரம் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனவர் நீங்கள். அந்த பயத்தில் செய்தீர்களா? அல்லது கேரம் ஆட ஆள் இல்லாமல் போய்விடும் என்றா? எதுவானாலும் சரி, அரைப் பக்கத்துக்கு மேற்படாமல், பத்தாங்கிளாஸ் பெண்ணுக்குப் புரியும்படி எழுதி அனுப்பவும். சுபாஷிணி இம்மாசம் முப்பதாம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறாள். காரணம் நன்றாக இருந்தால் விஸ்வத்தின் பப்படத்தை நாலாகக் குறைக்கத் தயாராக இருக்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் குழந்தைகளுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் இந்த மாமாவின் ஆசீர்வாதம். என்னதான் வில்லன் ஆனாலும் வயசில் மூத்தவர், என்னையும் ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
விடை வேண்டி நிற்கும் மைத்துனன்,
சங்கர்ராம்

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டேன். ஒட்டினதைப் பிரித்து இதை எழுதுகிறேன். நீங்கள் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், நான் வாசலில் கத்தினது காதில் விழாத தோப்பும்படிக்காரர் அக்காவுக்குப் போன் பண்ணி அழுதிருக்கிறார். அக்கா என்னைக் கூப்பிட்டு, “என் ஆத்துக்காரரை ஏண்டா வெள்ளத்துல தள்ளினே?” என்று கேட்டாள். நாவல் கதையைச் சொன்னேன், கார்டையும் சொன்னேன். அப்போதுதான் அவள் சொன்னாள். “அவர் ஒளிக்கலைடா சங்கரா. நானாக்கும். அப்பா போயி ஆறு மாசம் ஆகலை, நீயும் கப்பல்ல போயிட்டா எனக்குப் பொறந்தாத்து மனுஷான்னு சொல்ல ஆரு இருக்கா? கிழிக்கப் பாத்தேன், கை வரலை. அவரோட புஸ்தகத்துல சொருகிட்டு மறந்தும் போயிட்டேன். நீ கண்டெடுத்தப்போதான் அவருக்கே தெரியும். அன்னிலேந்து இன்னி வரைக்கும் என்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டதில்லை.” சொல்லிவிட்டு அழுதாள், நானும் அழுதேன். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, தேடிப் பார்த்தேன், வரவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பது என்றும் தெரியவில்லை. அவளுக்காக என் கண்ணில் திருடனாகவே இருந்துவிட்டீர்களே, அத்திம்பேர். உங்கள் காலில் விழ வேண்டும், இந்த முழங்காலோடு அடுத்த வாரம் வருகிறேன்.

ஆகையால் காரணம் எதுவும் எழுத வேண்டாம். நாவலில் கார்டு மழையில் நனைந்து அழிந்துபோயிற்று என்று மாற்றிவிட்டேன். சுபாஷிணி நம்ப மாட்டாள், அஞ்சனாவும் நம்ப மாட்டாள், நம்பாமலே இருக்கட்டும்.

இன்னொன்று. தான் சொல்லிவிட்டது உங்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது வீணாகிவிட்டதே என்று நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கும்படி தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் இது அக்கா கண்ணில் படாமல் அந்தப் பழைய டைம்டேபிளுக்குள் ஒளித்து வைத்துவிடுங்கள்.