சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிந்தசைசர்

இனி இந்த வீட்டுக்குள் ஒரு ஒயர்கூட நுழையாது என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார் மெட்டுக்காரர். கடைகளுக்கு விளம்பர மெட்டுப் போடுவது அவர் தொழில். பின்னறையில் ஒரு கணினி, அதில் ஒலிப்பதிவு மென்பொருள், காதில் ஹெட்ஃபோன். திரையில் இல்லாத வாத்தியம் இல்லை. பழைய சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தின் குமிழ்களைக்கூட அச்சு அசலாக வரைந்திருந்தார்கள். ஆனால் மவுஸால் குமிழைத் திருகுவது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரத்தை வெளியே நின்று நக்குவது மாதிரி.

அசல் குமிழை அவர் தொட்டவர். வாலிபத்தில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் எடுபிடியாக இருந்தார். அங்கே ஒரு சிந்தசைசர். துடைக்கலாம், வாசிக்கக் கூடாது. வாத்தியக்காரர் அதன் அடிக்கட்டையை, இருப்பதிலேயே தாழ்ந்த சுரத்தை, அழுத்தினால் நெஞ்சுக்குள் யாரோ மெதுவாகக் கதவைத் திறப்பது போல இருக்கும். கல்யாணமாகி, தலை நரைத்தும், அந்தக் கதவு அவருக்குள் மூடவே இல்லை.

அந்தக் கூடத்தை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார். சத்தியம் காற்றில் பறந்தது. சிந்தசைசர் வண்டியில் வந்தது. வாசலில் மனைவி.

"என்னங்க இது, சவப்பெட்டி மாதிரி?"

"நண்பர் ஒருத்தரோடதும்மா. வீடு மாத்துறார். கொஞ்ச நாள் வச்சிருக்கச் சொன்னார்."

அவள் அவரையே பார்த்தாள். "அடுத்தவங்க பொருளா? அப்போ கண்ணும் கருத்துமா பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டாள். போர்வையால் மூடி, கயிற்றால் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டாள்.

"ஒரே ஒரு தடவை வாசிச்சுப் பாக்கட்டுமா?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"தூசியாவது தட்டலாமா?"

"தாராளமா. போர்வை மேல தட்டுங்க."

சொந்தக் காசில் வாங்கி, சொந்த வீட்டில் வைத்து, போர்வையைத் தடவிக்கொண்டு நின்றார் மனிதர்.

பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சரணடைந்தார். "நீதான் அந்த நண்பர். போன்ல 'அவர் வாசிக்கட்டும்மா'ன்னு சொல்லு. அது போதும்." தையல்காரருக்கு வாத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் ஒத்து ஊத வரும். சம்மதித்தார்.

மெட்டுக்காரர் நம்பரைப் போட்டு, போனை மனைவி முன் நீட்டினார்.

"அண்ணே, உங்க பெட்டி பத்திரமா இருக்கு."

"சரிம்மா. அவரை வாசிக்க..."

"ஆனா எங்க பின்னறைச் சுவர்ல ஈரம். கெட்டுப் போச்சுன்னா எனக்கு மனசு ஆறாது. இன்னைக்கே எடுத்துக்கிறீங்களா?"

மறுமுனையில் இருமல். அதே இருமல் சுவர் வழியாகவும் கேட்டது. "எடுத்து... எடுத்துக்கறேன்மா."

"நல்லது. தூரமும் இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கீங்க." கணவர் பக்கம் திரும்பினாள். "நண்பர்னா நம்ம தையல்கார அண்ணன்தான்னு முதல்லயே சொல்லக் கூடாதா?"

மெட்டுக்காரர் வீட்டில் பல்லவி எதுவானாலும் முடிவு சரணம்தான். வாயைத் திறந்தால் சத்தியம் மீறிய குட்டு வெளிப்படும். ஒரு முனையைத் தையல்காரரும் மறு முனையை அவருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு சுவர்தான் அவருக்குத் துணை. முதலில் துணி கிழிவது போலச் சத்தம் வந்தது. தையல்காரர். சகித்துக்கொண்டார். சில நாள் கழித்து ஒரு மத்தியானம், வேறொரு கை. தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு சுரமாகத் தேடித் தேடிப் போகிற கை. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுவரில் காதை வைத்தார். அதே அடிக்கட்டை. அதே கதவு. கண் கலங்கிவிட்டது.

செருப்புகூடப் போடாமல் ஓடினார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ இங்க இருக்கே. உள்ள யாரு?"

"பொருளுக்குச் சொந்தக்காரன் நான்தானே. அனுமதி கேட்டாங்க. குடுத்துட்டேன்."

உள்ளே மனைவி. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை கட்டையிலும் ஒரு கை குமிழிலுமாக.

"உனக்கு வாசிக்க வருமா?"

"வராது. பழகுறேன். நீங்க வருஷக்கணக்கா காதை அடைச்சுக்கிட்டு எதையோ கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எனக்கு மவுஸ் சத்தம் மட்டும்தான். அப்படி என்னதான் கேக்குறீங்கன்னு எனக்கும் ஆசையா இருக்காதா?"

அவர் வாயில் உண்மைதான் வந்தது. "இது என்னோடதும்மா. நான்தான் வாங்கினேன்."

"தெரியும். வண்டியிலேருந்து இறக்குறப்பவே தெரியும். அடுத்தவங்க பொருளை யாரும் அப்படித் தடவித் தடவி இறக்க மாட்டாங்க."

"வீட்டுக்குக் கொண்டு போகலாமா?"

"போகலாம்."

"நான் வாசிக்கலாமா?"

அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தார். விரல் தானாகக் குமிழை நோக்கிப் போனது. கண்ணைத் திறக்காமலே அந்த விரலைப் பிடித்து அவர் மடியில் வைத்தாள்.

"வாசிக்கலாம், நான் நல்லா கத்துக்கிட்ட பிறகு."