பெட்டி அண்ணாச்சியும் அரைப் பாகம் நூலும்

ஊருக்குப் போக ஆசைப்பட்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். ஆனால் வந்து இறங்கிய நாளிலேயே திரும்பிப் போகத் தயாராகி, ஏறக்குறைய மூன்று வருஷம் அப்படியே இருந்த மனிதர் எங்கள் பெட்டி அண்ணாச்சி ஒருவர்தான். யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுகிறேன்.

எழுபதுகளில், எத்தியோப்பியாவின் ஒரு மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாத்தியார்கள். அவர் கணக்கு, நான் இங்கிலீஷ். அவர் தூத்துக்குடி, துறைமுகத்தில் தோணிகளுக்குக் கயிறு விற்கிற குடும்பம். நான் விளாத்திகுளம். அவருக்கு ஒரு வருஷம் பின்னால் போன நான் அவர் அறையிலேயே குடியேறினேன். அங்கே ஒரு அலமாரி இருந்தது, துடைத்து வைத்ததுபோலக் காலியாக. அண்ணாச்சியின் வேட்டி, சட்டை, சவரக் கத்தி சகலமும் ஒரு பச்சைத் தகரப் பெட்டிக்குள். காலையில் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்துவார். துவைத்துக் காய்ந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்.

"அண்ணாச்சி, அலமாரி சும்மாதான கெடக்கு?"

"எடுத்து வச்சா மறுபடியும் அடுக்கணும்லா? லீவு விட்ட அன்னைக்கு அடுக்கிக்கிட்டு இருந்தா பிளேன் நிக்குமாலே?"

லீவுக்கு அப்போது இன்னும் பத்து மாதம் இருந்தது.

கைக்கடிகாரத்தையும் அவர் மாற்றவில்லை. அதில் ஓடியது தூத்துக்குடி நேரம், இரண்டரை மணி முன்னால். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே இருப்பார். திடீரென்று சாக்பீஸ் நிற்கும். "சங்கு ஊதிட்டான்" என்பார். ஊரில் மில் சங்கு ஊதுகிற நேரமாம். பள்ளிக்கூட மணி அடிப்பதும் அதே நேரமாக இருந்து தொலைத்ததால், கொஞ்ச நாளில் மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாம் "சங்கு! சங்கு!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓட ஆரம்பித்தன. தலைமையாசிரியர் அந்த ஊர்க்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

அந்த நாட்டில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள். இது தெரிந்த அன்றைக்கு அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லையாம். நான் போய்ச் சேர்ந்தபோதும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

"பன்னெண்டு மாசம்னுதானலே கையெழுத்து வாங்குனான்? பதிமூணாவது மாசத்த எங்கன ஒளிச்சு வச்சிருந்தான் களவாணிப் பய?"

மற்ற மாதங்களுக்கெல்லாம் முப்பதே நாள், கூட்டிப் பார்த்தால் நம் வருஷமும் அவர்கள் வருஷமும் ஒன்றுதான் என்று கணக்கு வாத்தியாருக்கு இங்கிலீஷ் வாத்தியாரான நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாக நம்பவில்லை.

இத்தனை தவிப்புக்கும் காரணம் ஒரு பெண்பிள்ளை. அவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது மனைவிக்கு ஐந்தாம் மாதம். மகள் பிறந்ததைத் தந்தியில்தான் தெரிந்துகொண்டார். பள்ளி ஒப்பந்தப்படி ஊருக்கு அனுப்புவது இரண்டு வருஷம் முடிந்த பிறகு வருகிற பெரிய லீவில். ஆக, பெற்ற பிள்ளையைக் கண்ணால் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகத்தான் நூல்.

மனைவியின் கடிதத்துக்குள் ஒரு நூல் வரும். பிள்ளையைப் படுக்கவைத்து உச்சி முதல் குதிகால் வரை அளந்து வெட்டிய நூல். கயிறு விற்கிற வீட்டில் அளவெல்லாம் பாகம்தான். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். அண்ணாச்சி நூலை இழுத்துப் பிடித்து, நெஞ்சோடு வைத்துப் பார்ப்பார்.

"அரைப் பாகத்துக்கு ஒரு சாண்தாம்லே குறைச்சல்! அவ ஆத்தா மாதிரி நெடுநெடுன்னு வருவா, பாரு."

அந்த நூலைக் கடைத்தெருத் தையல்காரனிடம் கொடுத்து, கவுன் தைக்கச் சொன்னார். பாஷை தெரியாது, கையால் நூலைக் காட்டினார், கவுனைப் படம் போட்டுக் காட்டினார். தையல்காரன் யோக்கியன். நூலின் நீளம் எவ்வளவோ அவ்வளவுக்கும் தைத்தான், தலைக்கும் சேர்த்து. பெரிய தலையணைக்கு உறை போட்டதுபோல வந்து சேர்ந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் அதையும் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். பிறகு கழுத்து வரைக்கும் அளவு சொல்லி, நூல் வரும்போதெல்லாம் ஒழுங்காக ஒரு கவுன் தைத்து அடுக்கிக்கொண்டே வந்தார்.

ஒருமுறை ஊருக்குப் படம் அனுப்ப என்னையும் ஸ்டூடியோவுக்கு இழுத்துப் போனார். நான் எதுக்கு என்றேன். "தனியா நின்னா செத்தவன் படம் மாதிரி இருக்கும்லே. கூட நில்லு." நின்றேன். மீசையெல்லாம் முறுக்கிக்கொண்டு, அவரைவிட எடுப்பாக விழுந்துவிட்டேன்.

லீவு வந்தது. நாட்டைவிட்டுப் போக அனுமதிப் படிவம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். "உன் எழுத்து முத்து முத்தா இருக்குலே, நீயே எழுது" என்று என்னிடம் நீட்டினார். நானும் பெருமையாக உட்கார்ந்து, புறப்படும் நாள், மாதம், வருஷம் எல்லாம் எழுதினேன். வருஷம் எழுபத்தைந்து. அழகாகத்தான் எழுதினேன். அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்புகிற அளவுக்கு அவருக்கு நல்ல மனசு.

மாதம் மட்டுமா, அந்த நாட்டில் வருஷமும் வேறு. நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால். படிவம் தலைநகரம் வரைக்கும் போய், மழையில் நனைந்து, ஒரு மாதம் கழித்து வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அலுவலகத்துக்கு ஓடினோம். குமாஸ்தா ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "இப்போது எங்களுக்கு அறுபத்தேழு. நீங்கள் புறப்பட இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது. அவசரமில்லை, ஏழு வருஷம் கழித்து வாருங்கள்."

புதுப் படிவம் எழுதி, அது போய், திரும்பி வருவதற்குள் லீவு முடிந்துவிட்டது. அடுத்த வருஷம்தான் இனி. அண்ணாச்சி அன்று முழுக்கப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அண்ணாச்சி, நாலு அடி அடிச்சிருங்க."

"அடிச்சா பிளேன் வருமாலே?" என்றார். அப்புறம் மெதுவாக, "நீ எழுதுனன்னு எவன்ட்டயும் சொல்லிராத. இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஃபாரம் நிரப்பத் தெரியலன்னா உன் வேலைக்கு ஆவாது. கணக்கு வாத்தியாருக்கு வருசம் தெரியலன்னா சிரிச்சிட்டுப் போயிருவானுவ."

சிரித்தார்கள். அங்கிருந்த நம் நாட்டு வாத்தியார்கள் அத்தனை பேரும் ஒரு வருஷம் முழுக்க, "என்ன சார், கணக்கு உதைக்குதே" என்று சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் பேசாமல் இருந்தேன். நூல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அரைப் பாகத்தை எட்டிய அன்று அவர் கையை விரிக்கவில்லை. நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதுக் கவுனும் தைக்கக் கொடுக்கவில்லை.

அடுத்த லீவில் என் முறையும் வந்தது. இந்தத் தடவை படிவத்தைக் குமாஸ்தாவையே எழுத வைத்தோம். விளாத்திகுளம் போக, ரயிலில் கோவில்பட்டியிலேயே இறங்கியிருக்க வேண்டிய என்னை, பெட்டிக்கு ஒரு கை வேண்டும் என்று தூத்துக்குடி வரை இழுத்துப் போனார். மணியாச்சி தாண்டியதும் சட்டையை மாற்றினார். உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் இன்னொரு தடவை மாற்றினார்.

ஸ்டேஷனில் அவர் மனைவி நின்றிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டரை வயதுப் பெண்.

"ஏளா, அங்க பாரு, அப்பா வாராக" என்று அம்மா கையை விட்டார். அண்ணாச்சி பிளாட்பாரத்தில் அப்படியே மண்டியிட்டு, இரண்டு கையையும் அகல விரித்தார். முழுப் பாகம். பிள்ளை ஓடி வந்தது. அவரைத் தாண்டி வந்து, என் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "அப்பா" என்றது.

அந்தப் பாழாய்ப்போன படம்! பாவி மீசை!

அண்ணாச்சி விரித்த கையை மடக்காமலே திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏலே, என் வருசத்துல ஒண்ண ஏற்கனவே எடுத்துக்கிட்ட. பிள்ளையையாவது விட்டுக் குடு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே அழுதார். அந்தப் படிவத்தைப் பற்றி அவர் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பெட்டியைப் பிளாட்பாரத்திலேயே திறந்தார். கவுன்களை ஒவ்வொன்றாகப் பிள்ளைமேல் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரு வருஷம் சின்னது. கடைசியில் அடியில் கிடந்த தலையணை உறைதான் கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் போட்டுக்கொண்டும் அவள் அவரிடம் போகவில்லை. நாலாம் நாள்தான் போனாள் என்று அண்ணாச்சி பிறகு விளாத்திகுளத்துக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் வேறு ஒரு வரிகூட இல்லை.

இன்றும் எந்தப் படிவத்திலாவது வருஷம் எழுதுகிற கட்டம் வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்: மன்னிச்சிக்கிடுங்க, அண்ணாச்சி.