யாரும் உதைக்காத உதை

கால்பந்து ஆடுகிறவர்களில் பல வகை உண்டு. அவர்களில் எலும்பு மருத்துவர்களுக்கு மிகவும் வேண்டப்பட்டவர் ஒண்ணுமில்லைக்காரர். நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆறு நாள் உட்கார்ந்த நாற்காலியை விட்டு நகராமல் இருந்துவிட்டு, ஏழாம் நாள் காலை பதினெட்டு வயதுக்காரராக மைதானத்தில் இறங்குவார். விழுவார். எழுவார். நொண்டுவார். என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அவருடைய மருத்துவ அறிவு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

நம்மவர் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். அறுபத்து மூன்று லிஃப்டுகள் அவர் பொறுப்பு. கம்பிவடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திவிடும் கறார் பேர்வழி. ஏழாம் மாடிக்காரர்கள் மூச்சிரைக்க வந்து கெஞ்சினாலும் மசியமாட்டார். "தேஞ்சதை வச்சு ஓட்டக்கூடாது சார்" என்பார். இந்தக் கொள்கை தன் கால்களுக்கும் பொருந்துமோ என்ற சந்தேகம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

மற்றவர்கள் மெல்ல ஓடி, கைகால்களை நீட்டி மடக்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது இவர் என்ன செய்வார்? பூட்ஸ் கயிறு கட்டுவார். அதற்காகக் குனிவதையே உடற்பயிற்சியில் சேர்த்துக்கொள்வார். நிமிர்ந்ததும், நடுவட்டத்திலிருந்து கோல் போஸ்ட்டை நோக்கி முழுப் பலத்தோடு ஓர் உதை. கால் முன்னெலும்புக்குக் கட்டும் பேடு பையிலேயே இருக்கும்; கட்டினால் வியர்க்கிறதாம். இடைவேளையில் தண்ணீர் குடிக்கமாட்டார், வயிறு கனக்கிறதாம். பூட்ஸின் அடிக்குமிழ்கள் பாதி தேய்ந்து வழுக்கும், அது ராசியாம்.

போன வருடம் இடது கணுக்கால் பிசகியது. அணியில் கோல் காப்பவர் அவருடைய மனைவியின் தம்பி. அவர்தான் மருத்துவரிடம் கூட்டிப்போய்விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, வீங்கிப்போச்சு. ஆறு வாரம் ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அவர் எப்பவாவது பந்து ஆடியிருக்காரா?"

ஆறு வாரத்தை ஒன்பது நாளில் முடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். இடது காலைத் தாங்கித் தாங்கி ஓடியதில் வலது கெண்டைக்கால் இறுகிக் கட்டையாகிப் போனது. காலையில் எழுந்தால் முதல் பத்து அடி வைப்பதற்குள் முகம் கோணும். வீடு முழுக்கத் தைல நாற்றம்.

"காலுக்கு ஒண்ணுமில்லன்னா இந்தத் தைலம் யாருக்கு?" என்று கேட்டார் கணக்கு டீச்சரான மனைவி.

"வாசனைக்கு."

அலுவலகங்களுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதி வந்தது. எதிரணியில் தபால்காரர்கள்; நாள் முழுக்க நடக்கிற கால்கள். அணிக்கு ஒரு கோல். இரண்டாம் பாதியில் நம்மவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த மச்சினர், கோல் போஸ்ட்டிலிருந்தே கத்தினார்: "வெளியில வாங்க மாமா, ஆள் மாத்திக்கலாம்." இவர் கையை மட்டும் ஆட்டினார். பந்து வந்தது. திரும்பி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்.

பட்டென்று ஒரு சத்தம். விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்து கோபத்தோடு திரும்பினார். "ஏன்யா பின்னாடி வந்து உதைக்கிறே?"

குற்றம் சாட்டப்பட்ட தபால்காரர் இருபது அடி தள்ளி, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "நான் இங்கதானே சார் நிக்கிறேன்."

நம்மவர் நடுவரைப் பார்த்துச் சிவப்பு அட்டை காட்டச் சொன்னார். நடுவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் காட்டறது?" என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தார். பாதம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. யாரோ என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாமல் காலைக் காட்டினார். தூக்கிக்கொண்டு போனவர்களில், அடிபட்ட காலை அசையாமல் ஏந்திப் பிடித்திருந்தவர் அதே தபால்காரர்.

குதிகால் தசைநார் அறுந்திருந்தது. "யாரும் உதைக்கலை. இது அறுந்தா உதைச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார் மருத்துவர். "இந்த மாசம் உங்களோட சேத்து மூணு ஆள். மூணு பேருமே யார்கிட்டயோ சண்டை போட்டுட்டுத்தான் வந்தீங்க."

அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு வீட்டில் கிடந்தபோது ஒரு மத்தியானம் மனைவியிடம் கேட்டார்: "திரும்ப ஏணியில ஏறுவேனா?" மாடிக்கு மேலே மோட்டார் அறைக்கு ஏணியில்தான் போக வேண்டும், போக முடியாவிட்டால் அவருக்கு வேலையில்லை. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மனைவி மூடி வைத்தார். "தெரியல" என்றார். பிறகு கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்களைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பயிற்சிக்குப் போன முதல் நாள். இயன்முறை மருத்துவரின் அறை மூன்றாம் மாடியில். ஊன்றுகோலோடு போய் நின்றால், லிஃப்ட் கதவில் பராமரிப்பு அட்டை. அவர் நிறுவனத்து அட்டைதான். தன் கீழ் வேலை பார்க்கும் மெக்கானிக்கைப் போனில் அழைத்தார்.

"ஒரே ஒரு தடவை மேல விடுய்யா."

"இழை பிரிஞ்சிருக்கு சார். தேஞ்சதை வச்சு…"

"சரி, வை."

படியேற இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரம் அந்த முடியாத வாக்கியத்தைத் தவிர அவர் வேறு எதைப் பற்றி யோசித்திருப்பார்?

"லேட்" என்றார் இயன்முறை மருத்துவரான அம்மையார்.

"லிஃப்ட் ஓடல."

"யாருங்க அதைப் பாத்துக்கறது?"

"தெரியாதுங்க" என்றார் நம்மவர்.

ஏழு மாதத்தில் ஏணி ஏறினார். பதினோராம் மாதம் மைதானத்துக்கு வந்தார். இப்போது அரைமணி முன்னதாக வந்து, மெல்ல ஓடி, குதிகாலை நாற்பது முறை உயர்த்தி இறக்கி, பேடு கட்டி, தண்ணீர் குடித்து, பாதி ஆட்டம் மட்டும் ஆடுகிறார். மற்றவர்கள் பொறுமையிழந்து பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்கிறார்.

ஆக, இந்த இனத்தில் ஓர் ஆள் குறைந்தது. இடம் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பந்து ஆடுவதில்லை என்கிறீர்கள், சரி. போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினீர்களே, அன்றிலிருந்து படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒரே காலை முதலில் வைத்து, பக்கவாட்டில் இறங்குகிறீர்கள். வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் உள்ளே போகும்வரை காத்திருந்துதானே இறங்குகிறீர்கள்?