கழலாத இடுப்புப் பட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இங்கே சுகம். என் வலது காது மட்டும் சுகமில்லை, போன வாரத்துத் தண்ணீர் அதில் இன்னும் குடியிருக்கிறது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் நலமா? உன் தொப்பையைக் கேட்கவில்லை, அது நலமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். இதை உன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டாதே. நாற்பத்தெட்டு வயதில் உன் அக்கா ஒரு ரப்பர் சட்டைக்குள் மாட்டிக்கொண்டாள். சட்டை என்றால் சட்டை இல்லை, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே உறை, தலையணைக்குப் போடுகிற மாதிரி. கடலுக்குள் முங்குகிறவர்கள் குளிருக்குப் போடுவது. வீட்டில் போட்டுப் பார்க்கலாமே என்று உள்ளே நுழைந்தேன், அதற்கே பாதி உயிர் போய்விட்டது. கழற்றப் போனால் வரவே இல்லை. உன் அத்தான் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சட்டையின் கையைப் பிடித்து இழுத்தார். நான் வந்தேன், சட்டை வரவில்லை. இரண்டு பேருமாகக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் விழுந்தோம். கீழ் வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டி, "ஏதாவது ஆபத்தா? குடும்பச் சண்டையா இருந்தா சொல்லிடுங்க, நான் போயிடறேன்" என்றார். கடைசியில் கழுத்து வழியாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் என்னை வெளியே எடுத்தது.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பாய். எல்லாம் நீ பண்ணின வேலை. கம்பெனி கடலோரத்தில் புது யூனிட் திறக்கிறது, தார்ப்பாய் தைக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு கை வேண்டும் என்றதும், ஸ்டோர் கீப்பர் துரை நீ போய் மேனேஜரிடம், "எங்க அக்காவை அனுப்புங்க சார், அவ வாய் இருக்கிற இடத்துல யாருக்கும் போர் அடிக்காது" என்று சொன்னாயே, அந்த வாய்க்குத்தான் இங்கே வேலை இல்லை. இந்தத் தையல் கூடத்தில் உள்ள பெண்கள் மொத்தப் பேரும் ஞாயிறு ஆனால் காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் முங்குகிறவர்கள். திங்கள் முதல் புதன் வரை போன ஞாயிறு பார்த்த மீனைப் பற்றிப் பேச்சு. வியாழன் முதல் வரப்போகிற ஞாயிறு பார்க்கப்போகிற மீனைப் பற்றிப் பேச்சு. நடுவில் நானும் ஒரு நாள், "மீனை நானும் பாத்திருக்கேன்டி, சட்டியில" என்றேன். ஒருத்தி சிரிக்க வேண்டுமே! நான் சொல்லி, யாரும் சிரிக்கவில்லை. நம்புகிறாயா? அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற தீயணைப்புக் கருவியைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். அதுகூட என்னோடு பேசவில்லை. துணி வெட்டுகிறவள், கட்டிங்காரி என்று கூப்பிடுவோம், அவள்தான் பாவம் பார்த்து, "நீங்களும் வாங்கக்கா, வீட்ல சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்றாள். சரியென்று தலையை ஆட்டிவிட்டேன்.

முதலில் நீச்சல்குளத்தில் பாடம். சொல்லிக்கொடுக்கிறவர் வழுக்கைத் தலையர். வாயைத் திறந்தால் "மூச்சை அடக்காதீங்க, மூச்சை அடக்காதீங்க" என்பதால் மூச்சு வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டேன். குழாயை வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விட வேண்டும், கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடியிருக்கும். உள்ளே போனபின் பேசக் கூடாது. என்னிடம் போய்ச் சொல்கிறார்! சிரிக்கவும் கூடாதாம், சிரித்தால் கன்னம் மடங்கிக் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்துவிடும். தண்ணீருக்கு அடியில் அவர் வழுக்கை பல்பு மாதிரி மின்னுகிறது, நான் எப்படிச் சிரிக்காமல் இருப்பேன்? கண்ணாடி நிறைய, வெளியே வந்து கொட்ட, திரும்ப முங்க, திரும்ப அந்த வழுக்கை. இப்படித்தான் காதுக்குள்ளும் தண்ணீர் போனது. வாத்தியார் கரையில் நின்று என்னமோ விளக்கிக்கொண்டிருந்தார், எனக்கு "பட்டை" என்றும் "இழுங்க" என்றும் மட்டும் கேட்டது.

அந்தப் பட்டை என்னவென்றால், ஆள் மிதக்காமல் கீழே போக இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பட்டை ஒன்று கட்டுவார்கள். நான் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கட்டிங்காரி தன் பட்டையை ஒரு கையால் லேசாகத் தொட்டாள், அவ்வளவுதான், பொசுக்கென்று கழன்று ஈயம் தரையில் விழுந்தது, அவள் தக்கை மாதிரி மேலே போய்விட்டாள். தார்ப்பாயில் ஒரு கொக்கி லூசாக இருந்தாலே லாரிக்காரன் நம்மை என்ன பேச்சு பேசுகிறான், இங்கே மனுச உயிர்! என்ன தையல் இது, என்ன பக்கிள் இது! புதிதாகச் சேர்ந்தவர்தான் சாமான்களை நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் பட்டைகளை மட்டும் சாக்கில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கோணி ஊசியும் மெழுகு நூலுமாக, ஒவ்வொரு பக்கிளுக்கும் மேலே தார்ப்பாய்த் துணியில் ஒரு மூடி வைத்து, லாரிக்குப் போடுகிற கொக்கியை இரண்டு பக்கமும் இறுக்கித் தைத்தேன். புயலே வந்தாலும் அசையாது. உன் அத்தான் பார்த்துவிட்டு, "யாரையாவது கேட்டியா?" என்றார். நல்ல காரியத்துக்கு யாரைக் கேட்பது?

ஞாயிறு காலையில் படகில் எல்லார் இடுப்பிலும் நானே மாட்டிவிட்டேன். கலர் நன்றாக இருக்கிறதென்று ஒருத்தி சொன்னாள். முதல் தடவையாக எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், தம்பி. படகு நடுக்கடலுக்குப் போனது. குதிப்பதற்கு முன்னால் வாத்தியார் எல்லாவற்றையும் சரிபார்ப்பாராம். கட்டிங்காரி பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பட்டை வரவில்லை, கட்டிங்காரி வந்தாள்.

"யார் வேலை இது?"

"நான்தான் சார்! இனிமே கழலவே கழலாது."

அவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, அது கழலணும்."

"கழலணும்னா எதுக்கு சார் கட்டணும்?"

"உள்ள ஆபத்துன்னா ஒரே கையில இழுத்து ஈயத்தை விட்டுட்டு மேல வர்றதுக்கும்மா. அதைத்தானே அன்னிக்குப் பூரா சொல்லிக்குடுத்தேன்!"

எனக்குக் காது அடைத்திருந்தது என்று அப்போது சொன்னால் யார் கேட்பார்கள்? மூடியைக் கழற்றலாமென்றால் லாரிக் கொக்கி மாட்டினபின் கைக்கு வராது, குறடு வேண்டும், படகில் குறடு இல்லை. வாத்தியார் கத்தியை எடுத்து என் நூலை அறுத்தார், கத்திதான் மழுங்கியது. ஈயத்தோடு யாரும் கழிப்பறைப் பக்கம்கூடப் போக முடியவில்லை, ஒருத்திக்கு அவசரம் வேறு. படகைத் திருப்பினார்கள். கரையில் வைத்து ஒவ்வொருத்தி இடுப்பாக நானே பிளேடு போட்டுப் பிரித்தேன். ஒருத்தரும் முங்கவில்லை.

இன்று திங்கள்கிழமை. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. மத்தியானம் எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். பேச மீன் இல்லை. என்னால். ஆகையால் தம்பி, நீ மேனேஜர் காலிலோ கையிலோ விழுந்து என்னைப் பழைய யூனிட்டுக்கே திருப்பிக் கூப்பிடச் சொல். கடலும் வேண்டாம், ரப்பர் உறையும் வேண்டாம், இந்த ஜென்மத்தில் குளியலறை வாளிக்கு மேல் ஆழமான தண்ணீரில் கால் வைக்க மாட்டேன். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைக்கு என் முத்தம், நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் தரையிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உன் அத்தானிடம் கொடுத்தேன். மனுசன் சட்டைப் பையிலேயே வைத்து ஒரு வாரம் சுற்றியிருக்கிறார், நல்லதாகப் போயிற்று. மேனேஜரிடம் எதுவும் பேசாதே. இதை எழுதின மறுநாளே மூச்சு வாத்தியார் தையல் கூடத்துக்கு ஒரு மூட்டைக் கிழிசலோடு வந்து, "உங்க தையலை அறுக்க என் கத்தி போச்சும்மா. அந்தக் கை எங்களுக்கு வேணும். கழலக் கூடாததை மட்டும் தைங்க" என்றார். "எது கழலணும் எது கழலக் கூடாதுன்னு என்னைக் கேட்டுட்டு ஊசியை எடுங்கக்கா" என்று கட்டிங்காரி சொன்னதற்குக் கூடமே சிரித்தது, நானும்தான். ஞாயிறன்று முங்கினேன். மஞ்சள் மீன் ஒன்று நேராக என் கண்ணாடிக்கு முன்னால் வந்து, உன்னைப் போலவே வாயைத் திறந்து திறந்து மூடியது. இன்று புதன், இன்னும் என் மீனைப் பற்றித்தான் சாப்பாட்டு பெஞ்சில் பேச்சு, நடு இடத்தில் நான். வாத்தியாருடைய காற்றடைக்கிற மிதவைச் சட்டைக்குத் தோள் பிரிந்திருந்தது, திங்களன்று தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கோணி ஊசியைக் காணவில்லை, வீடெல்லாம் தேடியாயிற்று. இன்று காலை புது ஆட்களுக்குப் பாடம் எடுக்க வாத்தியார் அந்தச் சட்டையைப் போட்டுக் காற்றடைத்திருக்கிறார். ஊசி கிடைத்துவிட்டது.