இணை இயக்குநரின் சுரம்

பெரம்பலூருக்கு ஒரு சிந்தசைசர், அதாவது கட்டையை அமுக்கினால் பாடுகிற மின்சாரப் பெட்டி, வேண்டும் என்று பெரம்பலூரில் யாரும் கேட்கவில்லை. அரியலூரில் வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒன்றாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடியும் பிரிந்த மாவட்டங்கள் இவை. பங்காளி வூட்டில் ஏசி மாட்டினால் நம்ம வூட்டுச் சுவரில் ஓட்டை போடாமல் இருக்க முடியுமா? அரியலூரில் வாங்கியது ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கிற பெட்டி. எனவே, பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று, எட்டுச் சுரம் ஒலிக்கிற பெட்டி ஒன்று பெரம்பலூர் நவீன இசை மேம்பாட்டு அலுவலகத்தில் வந்து இறங்கியது.

நான் அந்த அலுவலகத்து ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். குரல் கொஞ்சம் கணீரென்று இருந்து தொலைத்ததால், மாவட்டத்தில் எந்த விழா நடந்தாலும் மைக்கைப் பிடித்து "வருக வருக" சொல்ல என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நடந்த கூத்தை எல்லாம் மேடையிலிருந்தே பார்த்தேன்.

பெட்டி வந்தது ஆனி ரோஸ் டீச்சரின் வகுப்புக்கு. வரதராஜன்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற தற்காலிக இசை ஆசிரியை அவர். அலுவலகத்தின் பின்னறையில், குன்னம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு நாலு குரலாகப் பிரிந்து பாடுகிற ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். ஒருத்தி மேலே போவாள், ஒருத்தி கீழே வருவாள், நடுவில் ரெண்டு பேர் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டேன். வந்த வேலை மறந்துபோய் நின்றுவிட்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் மேலிடத்து உத்தரவு கறாராக இருந்தது. ஆண்டு விழாவில் இந்த வகுப்பு மாவட்டத்துக்கு என்ன இசை கற்பித்தது என்று காட்ட வேண்டும், இல்லையேல் வகுப்பு மூடப்படும். டீச்சருக்கு அந்த வகுப்புதான் உயிர்.

பெட்டியைப் பிரித்து சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி கட்டைகளை எல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒலி மாசு ஏதுமின்றி நல்ல முறையில் இயங்குகிறது" என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் ஆனி ரோஸ், "சார், இதுக்குள்ள ஸ்பீக்கர் கெடையாதுங்க. வெளிய மாட்டணும்" என்றார். சான்று கொடுத்த பிறகு சத்தம் வரவைப்பது முறையா என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் ஸ்பீக்கர் மாட்டினார்கள்.

திறப்பு விழா. அலுவலகத்தின் இணை இயக்குநர் குருமூர்த்தி சாரிடம் போய் ஆனி ரோஸ் கேட்டார்.

"சார், பிள்ளைங்க ஒரு பாட்டு வாசிச்சுத் தொடங்கி வைக்கட்டுங்களா?"

"திறப்பு விழாவுல எதுக்கும்மா பாட்டு? குத்துவிளக்கு எப்படி ஏத்துறோம்? ஆளுக்கு ஒரு திரி. அதே மாதிரி இதுல ஆளுக்கு ஒரு கட்டை. பதவி வரிசைப்படி."

வரிசைப்படியே நடந்தது. இடது ஓரத்து முதல் கட்டையை இணை இயக்குநர் அமுக்கினார். 'ம்ம்ம்' என்று கனமாக ஒரு சுரம் எழுந்தது. கைதட்டல். அடுத்து துணை இயக்குநர், அடுத்து உதவி இயக்குநர் என்று எட்டுப் பேர் எட்டுக் கட்டையை அமுக்கினார்கள். குத்துவிளக்கு என்றால் சுடும், கையை எடுத்துவிடுவார்கள். இது சுடவில்லை. முதலில் விரலை எடுப்பவன் இளைத்தவன் என்று எட்டுப் பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். சிறுவாச்சூர் நெடுஞ்சாலையில் எட்டு லாரி ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தது போல இருந்தது.

அப்போது மேடை ஏறினார் வேல்முருகன். வார்டு உறுப்பினர் சத்யப்பிரியாவின் கணவர், ஆகையால் வார்டு உறுப்பினர். "நம்ம வார்டுல நடக்குற விழா, நமக்கு ஒரு கட்டை இல்லியா?" என்று இடுக்கில் கையை விட்டு ஒன்பதாவது கட்டையை அமுக்கினார்.

இணை இயக்குநரின் சுரம் நின்றுபோனது.

அவர் விரல் கட்டையில்தான் இருந்தது. இன்னும் அழுத்தினார். உடம்பெல்லாம் சாய்த்து அழுத்தினார். ஊஹூம். மற்றவர்கள் சுரம் எல்லாம் ஜம்மென்று கேட்டது, அவருடையது மட்டும் இல்லை. துணை இயக்குநரின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் பெட்டி பணியிடை நீக்கம் செய்யப்பட்டது. விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையை அதன் நெற்றியில் செல்லோடேப்பால் ஒட்டினார்கள். கொடுத்த கெடுவுக்குள் பெட்டி பதில் தரவில்லை. ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டது. பிறகு ஆனி ரோஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"எட்டு பேருக்குத்தான் சார் அதுல எடம். ஒன்பதாவதா ஒண்ணு வந்தா, முதல்ல வந்தது எந்திரிச்சு எடம் குடுத்துரும். அது அப்படித்தான் செஞ்சிருக்குங்க."

"முதல்ல வந்தவன் எந்திரிக்கணுமா? எந்த ஆபீஸ்ல இருக்கும்மா இந்த வழக்கம்? பணிமூப்புன்னு ஒண்ணு இல்ல?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார்."

"தெரியாதுன்னா தெரிய வைங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

ஆண்டு விழாவுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. பாவம், ஆனி ரோஸ் என்ன செய்வார்? யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னார். "இதுல இன்னொரு முறை இருக்குங்க சார். ஒத்தைச் சுரம். எத்தனை பேரு எதை அமுக்கினாலும் இடது ஓரத்துக் கட்டை மட்டும்தான் கேக்கும்." இப்போதைக்குத் தடை நீங்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

குருமூர்த்தி சாரின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "இதத்தாம்மா முதல்லயே செஞ்சிருக்கணும். இதுக்குப் பேருதான் நிர்வாகம்."

மறுபடியும் ஒரு திறப்பு விழா, மறுபடியும் "வருக வருக". ஒன்பது பேரும் அமுக்கினார்கள். இடது ஓரத்துச் சுரம் மட்டும் 'ம்ம்ம்' என்றது. அதிசயம் என்னவென்றால் எல்லாருக்கும் பரம திருப்தி. ஒவ்வொருவரும் கேட்பது தன்னுடைய சுரம்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். வேல்முருகன் என் காதில் வந்து, "பாத்தீங்களா வாத்தியாரே, நம்மளோடதுதான் தூக்கலா கேக்குது" என்றார். ஆமாங்க என்றேன்.

காபி வந்தது. விரலை எடுத்தால் சுரம் நின்றுவிடுமே என்று இணை இயக்குநர் தவித்தார். விரலை எடுத்தாலும் சுரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பட்டன் ஒன்று இருந்தது. ஆனி ரோஸ் சொல்ல விரும்பவில்லை. ஆனால் துணை இயக்குநர் கண்டுபிடித்துவிட்டார். அமுக்கினார். அன்றிலிருந்து அந்தச் சுரம் நிற்கவே இல்லை.

கொஞ்ச நாளில் குருமூர்த்தி சார் அரியலூருக்கு மாற்றலாகிப் போனார். சுரம் போகவில்லை. புதிதாக வந்த பிரேம்குமார் சாரிடம் ஆனி ரோஸ் ஓடினார்.

"சார், அத நிறுத்திட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுங்க சார். ஒரு நாள்கூட அவுங்க அதத் தொட்டதில்ல."

"முந்தைய அதிகாரி போட்டத நான் எப்படிம்மா எடுக்குறது? சத்தம் நின்னா ஏன் நின்னுச்சுன்னு கேப்பாங்க. ஓடிக்கிட்டே இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லைதான். கேட்காதது மட்டுமா, பழகிவிட்டார்கள். பெட்டி இருந்த அலுவலக மண்டபத்திலேயே மக்காச்சோள விவசாயிகள் கூட்டம் நடந்தது, ஆளாளுக்கு அந்தச் சுரத்திலேயே கோரிக்கை வைத்தார்கள். மன அழுத்தம் போகும் என்று எவனோ யூடியூபில் சொல்லப்போக, காலையில் பாயோடு வந்து உட்கார்ந்து கண்ணை மூட ஒரு கூட்டம் சேர்ந்தது. 'பெரம்பலூர் டோன்' என்று ரிங்டோன் வந்தது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரரைப் பார்த்து, "அண்ணே, ஏன் மேலயும் கீழயும் அலையுறீங்க? ஒரே எடத்துல நில்லுங்க" என்று மாப்பிள்ளையே சொன்னான். என் வீட்டில் மிக்ஸி ரிப்பேர் ஆகி அந்தச் சுரத்தில் ஓடியது, என் மனைவி கிருஷ்ணம்மாள் அதைச் சரிசெய்ய விடவில்லை.

ஆண்டு விழா வந்தது. மண்டபம் நிறைய ஜனம். மேடையில் 'ம்ம்ம்'. ஓரத்தில் வெள்ளைத் தாவணியில் பிள்ளைகள். நான் மைக்கைப் பிடித்து அவர்களை அறிவிக்க வாயெடுத்தேன், கரண்ட் போய்விட்டது, அன்றைக்கென்று பார்த்து இன்வெர்ட்டரும் படுத்துக்கொண்டது.

சுரம் நின்றது. எத்தனையோ மாதம் கழித்து அந்த மண்டபத்தில் ஒரு நிசப்தம். ஆனி ரோஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அழுகையும் சிரிப்புமாக, "இப்பப் பாடுங்க கண்ணுங்களா, நம்ம பாட்ட" என்று கையை உயர்த்தினார். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். ஒருத்தி மேலே போனாள், ஒருத்தி கீழே வந்தாள்.

முன்வரிசையில் யாரோ நெளிந்தார்கள். ஏதோ குறைகிறதே என்று ஒருவர் தொண்டையைச் செருமி மெதுவாக 'ம்ம்ம்' என்றார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. வேல்முருகன் கண்ணை மூடிக்கொண்டு உரக்க இழுத்தார். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க அதே சுரம், அட்சரம் பிசகாமல். நானும்தான், என்ன பண்ணுவது, தானாக வருகிறது. பிள்ளைகள் பாவம், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள்? மேலே போனவள் இறங்கி வந்தாள், கீழே போனவள் ஏறி வந்தாள், எல்லாரும் அதிலேயே வந்து சேர்ந்தார்கள்.

கரண்ட் வந்தது. பெட்டியின் விளக்கு எரிந்தது. பிடித்து வைத்திருந்த சுரம் அதற்குள் இல்லை, ஒத்தைச் சுரக் கட்டளையும் போய்விட்டது. புதுப்பெட்டியாக எட்டுச் சுரத்தோடு சும்மா இருந்தது. ஆனி ரோஸ் ஒரே ஓட்டமாக ஓடி, இரண்டு கையாலும் கட்டைகளை அமுக்கினார். அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து முதல்முறையாக அழகாக ஒரு சத்தம் வந்தது.

"யாரும்மா அது? நல்லாப் போய்க்கிட்டிருக்கும்போது சத்தம் போடுறது?" என்றார் பிரேம்குமார் சார். உஷ் உஷ் என்று மண்டபமே அடக்கியது. ஆனி ரோஸ் கையை எடுத்துவிட்டார்.

விழா முடிவில் உத்தரவு வந்தது. மாவட்ட மக்கள் அனைவரும் இசையைக் கற்றுத் தேர்ந்துவிட்டது இன்று கண்கூடாக நிரூபணமாகியிருப்பதால், இசை வகுப்பு இனித் தேவையில்லை எனக் கருதி மூடப்படுகிறது. மேடையில் அதை வாசித்தவன் நான்தான். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அந்தச் சுரத்திலேயே வாசித்தேன். நல்லா எடுபட்டுச்சு வாத்தியாரே என்று எல்லாரும் கையைக் குலுக்கினார்கள்.