அப்பா மூடிய பதினெட்டுக் குழிகள்

பாசமும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் மூட்டு வலி எப்படி, மாமா இன்னும் மாத்திரையைத் தலையணைக்கு அடியில்தான் ஒளித்து வைக்கிறாரா என்று எழுதவும். எட்டாவதோடு நின்றவள் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

மாமா சிபாரிசு பண்ணி ஏரிக்கரை ஓட்டலில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த வேலை, நேற்றுக் காலை ஒன்பதரை மணிக்குப் போய்விட்டது. பயப்படாதீர்கள், மத்தியானம் திரும்பி வந்துவிட்டது.

ஓட்டல் கட்டி முடிந்துவிட்டது அத்தை. நாலு மாடி, எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஏரி. அத்தனை தண்ணீர் பக்கத்தில் இருக்க, மொட்டை மாடியில் நீச்சல் குளம் வேறு. கரையை ஒட்டி நெடுக கோல்ஃப் மைதானம். அதில் தரையைச் சமன் செய்வது எங்கள் வேலை. அப்பா மட்டம் பார்ப்பார், நான் மண் கூடை சுமப்பேன். கோல்ஃப் என்றால் என்னவென்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேனேஜருக்குத் தினமும் ஒரே பல்லவிதான். "தரை கண்ணாடி மாதிரி இருக்கணும். விருந்தாளி ஒருத்தர் கால் குழியில மாட்டுச்சு, நீங்க அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வெளியூரிலிருந்து ஒரு புல் நிபுணர் வந்து ஏதோ வேலை பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் அப்போது ஓட்டலுக்குப் பின்னால் சரளைக்கல் கொட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வழவழவென்று வெட்டி வைத்த புல்லில் பதினெட்டு இடத்தில் வட்ட வட்டமாகக் குழி! ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. அப்பாவுக்கு வந்ததே கோபம். "பார்த்தியா, நாம பார்த்துப் பார்த்துச் செஞ்ச தரையில எவனோ ஓட்டை போட்டு, டப்பாவையும் போட்டுட்டுப் போயிருக்கான்!"

எனக்குத் தெரியும் அத்தை. ஓட்டல் வரவேற்பறையில் மாட்டியிருந்த படத்தில் இதே மாதிரி குழியும், அதில் ஒரு கொடியும் பார்த்திருக்கிறேன். இது வேண்டுமென்றே வெட்டின குழி என்று சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். "என்னடி, கொட்டாவியா?" என்றார் அப்பா. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நான் மண் கொட்டக் கொட்ட அப்பா ஒவ்வொன்றாக மூடி, மேலே புல் பதித்து, விரலாலேயே கோதிவிட்டார். தலைமுடி வகிடு தெரியும், அந்த ஒட்டு தெரியாது. டப்பாக்கள் வீட்டுக்கு வந்தன. அடியில் ஓட்டை இருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பதினெட்டிலும் தக்காளி நாற்று வைத்துவிட்டாள்.

நேற்று விழா. குழியில் நட வேண்டிய கொடிகளை ஏற்றி வந்த லாரி வழியில் நின்றுவிட்டதால், அதுவரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நூறு விருந்தாளிகள், வெள்ளைத் தொப்பி போட்ட வயதான ஆட்டக்காரர் ஒருவர், கோட் போட்ட முதலாளி. ஆட்டக்காரர் அடித்தார், பந்து பறந்து போய்ப் புல்லில் அழகாக உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பந்துக்குப் பக்கத்தில் போய், குனிந்து, நிமிர்ந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, "குழி எங்கே?" என்றார். மேனேஜர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணுகூட விடலைங்க. பதினெட்டையும் மூடிட்டேன்!" என்றார்.

மேனேஜர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. நிபுணரோ போனை எடுக்கவில்லை. "நீ இப்பவே கிளம்புய்யா!" என்று மேனேஜர் கத்த, அப்பா மண்டியிட்டுப் புல்லைத் தடவுகிறார், தடவுகிறார், அவர் செய்த வேலையை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ ஆகிவிட்டது. "எனக்குத் தெரியும்!" என்று ஒரு சத்தம். ஏரியிலிருந்த வாத்தெல்லாம் எழும்பிப் பறந்தது. யாரென்று பார்த்தால் நான்தான்!

யார் முகத்தையும் பார்க்க வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தே நடக்கிறவளுக்கு அடி எண்ணுவதுதானே பொழுதுபோக்கு? வேலி மூலையிலிருந்து முப்பத்திரண்டு அடி, பாறையிலிருந்து பதினொன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தேன். கால் நின்ற இடத்தில் அப்பா கொத்துக்கரண்டியைப் போட்டார், குழி வந்தது! பின்னாலேயே நூறு பேரும் ஊர்வலமாக வந்து, "இருபது, இருபத்தொண்ணு" என்று என்னோடு சேர்ந்து எண்ணினார்கள். முதலாளி கோட்டைக் கழற்றிவிட்டு என் கூடையைத் தூக்கினார் என்றால் நம்புவீர்களா? ஆள் அனுப்பியதும் அம்மா ஓட்டமாக வந்து பதினேழு டப்பாவைக் கழுவிக் கொடுத்தாள். கடைசி டப்பாவில் ஒரே ராத்திரியில் நாற்று நன்றாகப் பிடித்துவிட்டதாம், தர மாட்டேன் என்றாள். அதை அப்படியே பதினெட்டாம் குழியில் இறக்கினோம். "கொடிக்குக் கொடியும் ஆச்சு" என்றார் ஆட்டக்காரர். அவர் தட்டிய பந்து நாற்றில் முட்டி நின்றது. "இது விழுந்த கணக்குதான்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எல்லாமே முன்கூட்டியே திட்டமிட்ட வேடிக்கை என்று விருந்தாளிகள் நினைத்துவிட்டார்கள். "இந்த மாதிரி எங்கேயும் பார்த்ததில்லை!" என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பாவுக்கு வேலை நிரந்தரம், கடிதம் கையிலேயே வந்துவிட்டது. எனக்கும் வேலை! வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போய்க் குழி கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். வாயில்லாப் பூச்சி என்று எனக்குப் பேர் வைத்தது நீங்கள்தானே? இந்த ஞாயிறு மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் நின்று பாருங்கள்.

உங்கள் மூட்டு வலி தீரவும், மாமா மாத்திரையை விழுங்கவும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் முன்னாள் வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை நான் மைக்கில் பேச வேண்டுமாம். "எங்கே, உன் பேரைச் சொல்லு" என்று மைக்கை வாய்க்கு நேராக நீட்டினார். என் பெருமூச்சு மட்டும் ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்டது. ஆகையால் நீங்கள் வர வேண்டாம் அத்தை, சனிக்கிழமை பஸ்ஸில் நான் அங்கே வருகிறேன். எந்தக் குழி எங்கே என்று ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுவேன். நான் வந்துவிட்ட விஷயத்தை அப்பாவிடம் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள். மேலே 'முன்னாள்' என்று போட்டிருக்கிறேனே, அதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.