பெயருக்குப் பின்னால் வரும் முகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமென்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பிட்ஸ்பர்க் நகரிலுள்ள எங்கள் பல்கலைக்கழகக் கணினித் துறையில் பிறந்த சிரிப்புக் குறியைப் புகழ்ந்து கட்டுரை போட்டீர்கள். அது யாரால் பிறந்தது என்று எழுதவில்லை. என்னால்தான். கணினியில் எல்லோரும் எழுதிப் படிக்கும் பொதுப் பலகை ஒன்று எங்களுக்கு உண்டு. குடிதண்ணீரில் விஷம் என்று அதில் எவனோ கேலிக்கு எழுத, நான் நம்பி ஒவ்வொரு மாடியிலும் குழாய்களைக் கயிற்றால் கட்டினேன். துறையே சிரித்தது. இனிக் கேலி என்றால் கடைசியில் :-) போடுவது, தலையைச் சாய்த்தால் சிரிக்கும் முகம் தெரியும், குறி இல்லாதது உண்மை என்று முடிவு செய்தார்கள். அடுத்த இதழில் என் பெயரைத் தவறாமல் வெளியிட வேண்டும்.

அக்டோபரில், நிலவறைக் கணினி அறையில் ஒயர் கருகும் நாற்றம். உள்ளே கணினிகளை இயக்கும் டோரீன் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. இயந்திர இரைச்சலில் நான் தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. பலகையில் எச்சரித்துக் கீழே என் பெயரை அடித்தேன். பெயருக்குப் பக்கத்தில் அந்த முகம் வந்து நின்றது. நான் அடிக்கவில்லை. அழித்தேன், திரும்ப வந்தது. சாவி வைத்திருக்கும் அலுவலக ஊழியன் ஹென்லியிடம் மாடிக்கு ஓடினேன்.

"ஹென்லி, கீழ கருகுதுய்யா! சாவிய எடு!"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். "குறி போட்டிருக்கீங்களே, சார்."

"நான் போடலய்யா!"

"இது அந்தக் குழாய் கட்டினதவிட நல்லா இருக்கு, சார்."

கடைசியில் கதவை உடைத்து டோரீனைத் தூக்கி வந்தபோது அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் கரகரத்த குரலில் சொன்னாள்: "நீங்க எழுதினதப் படிச்சேன், புரொபசர். நல்ல ஜோக்குன்னு சிரிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல."

இப்போது நிலவறையில் மறுபடியும் அதே நாற்றம். திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்புகிறாள். தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசினேன். என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு மறுமுனையில் யாரோ சிரிக்கும் சத்தம். வீட்டுத் தட்டச்சுப்பொறியில் இதை அடிக்கிறேன். உங்கள் நிருபர் யாரையாவது அனுப்புங்கள்.

தங்கள் இதழ் செழிக்கட்டும்.

பின்குறிப்பு: பேனாவால் கையெழுத்திட்டேன். மை காய்வதற்குள் பக்கத்தில் :-) முளைத்தது. வேறு தாளில் கையெழுத்திட்டேன், அதிலும் முளைத்தது. அது என் பெயரைத் தேடித்தான் வருகிறது. என் பெயரை வெளியிடச் சொன்னதை மறந்துவிடுங்கள். இதை யார் எழுதியது என்று விசாரிக்கவும் வேண்டாம். டோரீனை மட்டும் உள்ளே விடாதீர்கள். பெயரிருந்த அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.